கத்தி இல்லாத பிடி

"ஸார், பேக்கைக் கொஞ்சம் திறங்க."

சென்னையில் ஒரு பெரிய ஷாப்பிங் கட்டடத்தின் வாசல். நம் பையை விழுங்கி அந்தப் பக்கம் துப்புகிற ஸ்கேனர் மெஷின். திரைக்கு முன்னால் நீல யூனிஃபார்மில் ஒரு பெரியவர். என் பைக்குள் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். பிரித்தார். உள்ளே விரல் நீளத்துக்கு, லேசாக வளைந்த, பளபளக்கும் இரண்டு பித்தளைத் துண்டுகள்.

"என்ன தம்பி இது?"

"கத்தியோட கைப்பிடிங்க."

"கத்தி எங்க?"

"ஊர்ல இருக்கு."

"எந்த ஊரு?"

இந்த இடத்தில்தான் தப்புப் பண்ணினேன். உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கடமலைக்குண்டு."

'கத்தி', 'குண்டு' இரண்டும் அரை நிமிஷ இடைவெளியில் காதில் விழுந்ததும், எனக்குப் பின்னால் நின்ற க்யூ இரண்டடி பின்வாங்கியது. "தேனி மாவட்டம்ங்க. வருசநாடு போற வழியில, மூல வைகைக் கரையில. வெடிக்கிற குண்டு இல்ல, ஊரு பேரே அதுதான்" என்று நான் அவசரமாகப் பூகோளப் பாடம் எடுத்தேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

"அது சரிப்பா. கத்திய ஊர்ல வச்சுட்டு, பிடிய மட்டும் எதுக்குத் தூக்கிட்டு அலையுற?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். அவருக்கு அங்கே வேலை இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கப்பா ஒட்டுக் கட்டுகிறவர். மாங்கன்று நர்சரிகளில் சின்ன வேர்ச்செடியின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, நல்ல ஜாதி மாமரத்தின் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கி அதில் சொருகி, பாலிதீன் நாடாவால் சுற்றிக் கட்டுவார். குச்சியைச் செதுக்குகிற அந்த இரண்டு வெட்டும் ஒரே இழுப்பில், வழவழப்பாக விழ வேண்டும். பிசிறு இருந்தால் ஒட்டாது. கன்று போச்சு, கூலியும் போச்சு. ஆகவே இந்தத் தொழிலில் மடக்குக் கத்திதான் மூலதனம்.

அப்பாவின் பழைய கத்திக்கு எருமைக் கொம்புப் பிடி. கறுப்பு. ஒரு பக்கம் வெடித்து, அதைச் செம்புக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

2012-ல் பி.காம். முடித்து மதுரையில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை. அப்பாவுக்கு? பொருட்காட்சி ஒன்றில் அந்தக் கத்தியைப் பார்த்தேன். முழுப் பித்தளைப் பிடி. கண்ணாடி மாதிரி பாலிஷ். அதில் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். (சீவிக்கொண்டேன்.) "ஆயுசுக்கும் உழைக்கும் ஸார்" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டதும், இவ்வளவு விலை என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். காஸ்ட் அக்கவுண்டன்ஸியில் அறுபது மார்க் வாங்கியவன்!

அப்பா வாங்கிப் பார்த்தார். திறந்தார், மூடினார், கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "கனமா இருக்குய்யா" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஊர் பூராம் காட்டினார். "மகன் வாங்கிக் குடுத்தது."

ஆடி மாசம் போன் வந்தது. கை வழுக்கி, கத்தி மேல் விரல் போய்விட்டது. தேனி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வலது கை ஆள்காட்டி விரலில் நரம்பு அறுந்து, தையல் போட்டுக் கட்டுக் கட்டியிருந்தார்கள். அப்பாவைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"பாத்து வெட்டக் கூடாதாப்பா? சின்னப் பிள்ளையா நீங்க?"

"ஆமாய்யா. கவனமில்லாம இருந்துட்டேன்" என்றார்.

அந்த விரல் அப்புறம் முழுசாக மடங்கவே இல்லை. "இனிமே நான் எந்நேரமும் யாரையாச்சும் கை நீட்டிக் குத்தம் சொல்ற மாதிரியே இருக்கும்" என்று ஊரில் எல்லோரிடமும் ஜோக் அடிப்பார். என்னைப் பார்த்து மட்டும் அந்த விரல் நீண்டதே இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது வீட்டைச் சுத்தம் செய்தேன். அப்பாவின் கத்தி கிடைத்தது. அதன் பித்தளைப் பிடி முழுக்கப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி, ரப்பர் நாடாவால் இறுக்கியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த பளபளப்புக்கு இந்தக் கதியா? பிரித்துப் போட்டுவிட்டு, பிடியைப் புளி போட்டுத் தேய்த்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அப்பா ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.

"அத விடுய்யா. அது இருந்தாத்தான் கை நிக்குது."

"எப்பச் சுத்துனீங்க?"

"கட்டு அவுத்த மறுநாளு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாங்குச்சியைச் சீவினால் பால் வடியும். பால் பட்ட விரல், அதில் வியர்வை, அதன் கீழே கண்ணாடி மாதிரி பித்தளை. வழுக்காமல் என்ன செய்யும்? தப்பு அவர் கவனத்தில் இல்லை. நான் வாங்கிய பிடியில் இருந்தது. அது முதல் நாளே, 'கனமா இருக்குய்யா' என்றபோதே அவருக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை மனுஷர்.

சென்னை திரும்பியதும் கத்திப் பிடி ஆராய்ச்சியில் இறங்கினேன். குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அது பி.எச்டி. கைடைவிடக் கண்டிப்பானது.

தெரிந்துகொண்ட முதல் விஷயம்: கத்தி வாங்கப் போகிற எல்லோரும் தகட்டைத்தான் பார்க்கிறோம். தகடு வெட்டும், அதில் சந்தேகமில்லை. எதை வெட்டும், மாங்குச்சியையா விரலையா என்று முடிவு செய்வது பிடி. அதிலும் மடக்குக் கத்தியில் பிடிக்கு இரட்டை வேலை. திறந்தால் கைப்பிடி, மூடினால் உறை.

உலோகத்தில் ஆரம்பிப்போம். பித்தளை தண்ணீரைப் போல எட்டரை மடங்கு கனம். அலுமினியம் 2.7 மடங்கு. நம்மூர்க் கட்டைகள் பெரும்பாலும் தண்ணீரைவிட லேசு. நாள் பூரா நூற்றுக்கணக்கில் கன்று கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு சாயங்காலம் மணிக்கட்டில் தெரியும். பித்தளை வெயிலில் சுடும், வியர்வை பட்டால் வாடை வரும், ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறும். ஆனால் உடையாது. ஜம்பத்துக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் ராம்பூர் என்ற ஊர் மடக்குக் கத்திக்குப் பேர் போனது. பழைய இந்திப் பட வில்லன்கள் 'டர்ர்ர்ர்' என்று விரிப்பார்களே, அதுதான் ராம்பூரி. 2023-ல் அங்கே ஒரு நாற்சந்தியில் 6.1 மீட்டர் உயரத்துக்குக் கத்தி ஒன்றை நிறுத்தி வைத்தார்கள். அதில் ஆப்பிள் நறுக்க முடியாது. அழகுக்குத்தான். என் பரிசும் அந்த ஜாதி.

அடுத்து, அப்பாவின் பழைய தோழன், எருமைக் கொம்பு. நம் நகம் எந்தச் சரக்கோ கொம்பும் அதே சரக்குதான், கெரட்டின். சூடு காட்டினால் இளகும், அழுத்தித் தட்டையாக்கலாம், ஆறினால் அப்படியே நிற்கும். "வேர்த்தா வழுக்காது, கையப் பிடிச்சுக்கும்" என்பது அப்பா கட்சி. குறை என்னவென்றால், ரொம்பக் காய்ந்தால் வெடிக்கும், பூச்சி அரிக்கும். அவ்வப்போது எண்ணெய் தடவ வேண்டும். செம்புக் கம்பி கட்டிய அந்தப் பிடியைப் பார்த்துப் பரிதாபப்பட்டேனே, அது கஷ்டத்தில் கட்டியதல்ல. பிடித்துப்போனதால் கட்டியது.

மான் கொம்பு? ஒரு காலத்தில் நம் காட்டுக் கடமான் கொம்பு கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திப் பட்டறைகளுக்குப் போனது. மேலெல்லாம் சொரசொரப்பு, பிடித்தால் விடாது. மான் வருஷா வருஷம் கொம்பைத் தானே உதிர்த்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கீழே கிடந்ததை எடுத்தாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எங்கள் பக்கத்து மலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். ஆகவே வருசநாட்டுப் பக்கம் டூர் வருகிற இளைஞர்களே, கொம்பைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

தந்தம் பேச்சே வேண்டாம். 1986-ல் நம் நாட்டு யானைத் தந்த வியாபாரத்துக்கும், 1991-ல் வெளிநாட்டிலிருந்து வந்த தந்தத்துக்கும் சட்டம் தடை போட்டுவிட்டது. தந்தத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பிறந்த கதை சுவாரஸ்யம். 1860-களில் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பந்து செய்யத் தந்தம் போதவில்லை. மாற்றுப் பொருள் கண்டுபிடித்தால் 10,000 டாலர் என்று அறிவித்தது ஒரு கம்பெனி. ஹயாட் என்பவர் அதில் இறங்கி, கற்பூரம் கலந்து செல்லுலாய்டு செய்தார். கத்திப் பிடிக்காரர்கள் பாய்ந்து வாங்கினார்கள். தந்தம் மாதிரியே இருந்தது. ஆனால் வயதானால் அது அமில வாயுவை விட்டு, மூடிக் கிடக்கிற தகட்டையே துரு ஏற்றிவிடும். தீப்பட்டால் குப்பென்று பற்றும். பாட்டனார் காலத்துக் கத்தி யாரிடமாவது இருந்தால் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நவீன சரக்குகளில் இரண்டு நமக்குத் தெரிந்தவைதான், பெயர்தான் தெரியாது. வெளிநாட்டுக் கத்திகளில் 'மைகார்டா' என்று பெருமையாகப் போடுவார்கள். துணியையோ காகிதத்தையோ அடுக்கிப் பிசினில் தோய்த்து அழுத்திய பலகை. நம்மூர் எலெக்ட்ரிக்கல் கடையில் 'ஹைலம் ஷீட்' என்று கேட்டால் அதன் அண்ணன் தம்பியை எடுத்துக் கொடுப்பார்கள். 'ஜி-10' என்பது கண்ணாடி நூலும் எபாக்ஸி பிசினும். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தால் பச்சையாக ஒரு போர்டு தெரிகிறதே, அந்த வம்சம். இரண்டும் தண்ணீருக்கு ஊறாது, வெயிலுக்கு வளையாது. மேலே சொரசொரப்பாக விட்டிருந்தால் ஈரக்கையிலும் நிற்கும். வீட்டில் அறுக்கிறேன் பேர்வழி என்று மட்டும் இறங்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நான் அசந்துபோனது சுவிஸ் ராணுவக் கத்தியின் கதையில். 1891-ல் சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்திக்குக் கறுப்பாக்கிய ஓக் மரப் பிடி. அப்புறம் அழுத்திக் கெட்டியாக்கிய ஃபைபர். 1961-ல் அலுமினியம். கடைசியில் 2008-ல் புது மாடல் வந்தது. அதில் என்ன விசேஷம் என்கிறீர்கள்? பிளாஸ்டிக் பிடி. அதில் கை வழுக்காமலிருக்க ரப்பர் மாதிரி கறுப்புப் பட்டைகள்!

நூற்றுப் பதினேழு வருஷம் கழித்து சுவிட்சர்லாந்து வந்து சேர்ந்த இடத்துக்கு, கட்டு அவிழ்த்த மறுநாளே கடமலைக்குண்டில் ஒருவர் சைக்கிள் ட்யூபோடு போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இத்தனை ஞானத்தோடு அடுத்த லீவில் ஊருக்குப் போனேன், கையில் ஒரு ஹைலம் துண்டோடு. அப்பா அதைத் தட்டிப் பார்த்தார். "ஸ்விட்சு போர்டு மாதிரி இருக்கேய்யா" என்றார். சரி, மரம்? நான் ஈட்டி மரம் என்றேன். அதைக் காப்பாற்ற 1994-ல் தமிழக அரசு தனிச் சட்டமே போட்டது. 2017-லிருந்து உலக வணிகத்திலும் அதற்குக் கட்டுப்பாடு. ஒரு கத்திப் பிடிக்கு எதற்கு இந்த வம்பு? சென்டிமென்ட்டாக, "உங்க கையால ஒட்டுக் கட்டுன மாமரத்துலயே போட்டா என்னப்பா?" என்றேன். சிரித்தார்.

"மாமரம் காய்க்கத்தான்யா. பிடிக்கு ஆகாது. பூச்சி விழும்."

கொல்லுப் பட்டறை ஆசாரியிடம் போனோம். அவர் மூலையில் கிடந்த பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றை எடுத்துப் போட்டார். நாட்டுக் கருவேலம். பல வருஷம் வெயிலும் மழையும் தின்று காய்ந்த வைரக்கட்டை. மரப் பிடியின் முதல் எதிரி ஈரம். பச்சைக் கட்டையில் பிடி போட்டால் காயக் காயச் சுருங்கி, ரிவெட் ஆடும், விரிசல் விழும். இது சுருங்க வேண்டியதெல்லாம் என்றைக்கோ சுருங்கி முடித்த கட்டை.

"அளவு சொல்லுங்க" என்றார் ஆசாரி. நான் என் உள்ளங்கையை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒட்டுக் கட்டப்போறது நீங்களா, அவரா?"

வீட்டுக்கு வந்தோம். அம்மா சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து நீளமாக உருட்டி அப்பா கையில் கொடுத்தார். "கத்தியப் பிடிக்கிற மாதிரி அமுக்குங்க." அமுக்கினார். கையை எடுத்தபோது மாவில் மூன்று விரல்கள் ஆழமாகப் பதிந்திருந்தன. நான்காவது விரல் மட்டும் மடங்காமல், முதுகுப் பக்கம் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா முந்தானையால் மாவு தட்டை மூடி, "காயுறதுக்குள்ள ஆசாரிகிட்ட கொண்டு போ" என்றார்.

ஆசாரி ரிவெட் தலையை ராவி, தட்டி எடுத்து, பித்தளையைக் கழற்றினார். கருவேலத்தைக் கொஞ்சம் தடிமனாகவே செதுக்கி, முதுகில் அந்த ஒரு விரல் படுத்துக்கொள்ளப் பள்ளம் எடுத்தார். பாலிஷ் போடவில்லை. லின்சீட் எண்ணெய் மட்டும். அது மரத்துக்குள் போய்க் காய்ந்து கெட்டிப்படும். தேங்காய் எண்ணெய் தடவினால் காயாது, பிசுபிசுக்கும். ரிவெட் மட்டும் பித்தளையிலேயே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். "மகன் வாங்கிக் குடுத்தது பூராவும் போயிரக் கூடாதுல்ல."

மடக்குக் கத்தி வாங்க நினைக்கிற இளைஞர்களுக்கு, என் அனுபவ பாக்கி. கத்தியை மடக்கியபடியே வைத்துக்கொண்டு, கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிடித்துப் பாருங்கள். நழுவினால் எவ்வளவு அழகானாலும் வேண்டாம். பிடி உங்கள் உள்ளங்கை அகலத்தைவிட நீளமாக இருக்கட்டும். பிடியும் ரிவெட்டும் சேருகிற இடத்தை நகத்தால் வருடுங்கள். தடுக்கினால் நாளைக்குக் கொப்புளம். விரித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், தகடு ஆடக் கூடாது. தோட்டத்தில் புல்லுக்குள் தொலைக்கிற ஆசாமி என்றால் சிவப்பு, மஞ்சள் பிடி உத்தமம். ஆபீஸில் பார்சல் பிரிக்க மட்டும் என்றால் சாதா பிளாஸ்டிக்கே தாராளம். முக்கியமாக, இன்னொருவருக்கு வாங்குகிறீர்களா? அவரையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஸர்ப்ரைஸ் எல்லாம் சட்டைத் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அப்பா அந்தப் பித்தளைத் துண்டுகளைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். "எறிஞ்சிராத. ஆபீஸ்ல காயிதம் பறக்காம வைக்கலாம்."

இந்தக் கதையில் நாலு வரியைத்தான் ஸ்கேனர் பெரியவரிடம் சொல்ல முடிந்தது. அதற்குள் பின்னால் யாரோ பொறுமை இழந்து உச்சுக்கொட்டினார்கள். பெரியவர் இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். மத்தியான வெயிலில் அவர் கையெல்லாம் வியர்வை. ஒரு துண்டு நழுவ, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"இந்தா தம்பி. பாத்து வாங்கிக்க... வழுக்குது."

அவருக்கு அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.